மிக நெருக்கமான எண்

முதல் சுத்தியல் அடிக்குக் கண்ணாடி மசியவில்லை. நகைக்கடைக்காரர் அந்தக் கண்ணாடிக்கு அரை நாள் பேரம் பேசியவர். விலையைக் குறைத்தாரே தவிர, சரக்கைக் குறைக்கவில்லை. இரண்டாவது அடிக்கு விரிசல் ஓடியது. மூன்றாவது அடிக்குச் சுத்தியல் உயர்ந்தபோது, வாசல் காவலாளி அய்யாக்கண்ணு அந்தக் கையை எட்டிப் பிடித்துவிட்டார்.

பிடித்திருக்க வேண்டியதில்லை. காவலாளிகளுக்குக் கம்பெனி சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, திருடன் வந்தால் ஒதுங்கி நின்று பொத்தானை அழுத்து என்பதுதான். நகைக்குக் காப்பீடு இருக்கிறது, உனக்கு இல்லை என்பதை அதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. ஆனால் அய்யாக்கண்ணு பழைய ஆள். பினாங்கு ஸ்திரீட்டில் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து, கடையே தன்னுடையது என்று நினைக்கத் தொடங்கியிருந்தார்.

சுத்தியல்காரன் கையை உதறிப் பார்த்தான். பிடி விடவில்லை. பின்னால் நின்றவன் சட்டைக்குள்ளிருந்து பாராங் ஒன்றை உருவினான். புல் வெட்டவும் தேங்காய் வெட்டவும் எல்லா வீட்டுப் பின்கட்டிலும் கிடக்கிற நீளக் கத்திதான். கண்ணாடிச் சட்டத்தில் ஊன்றியிருந்த அய்யாக்கண்ணுவின் இடது கைமேல் ஒரே வெட்டு. கசாப்புக் கடைப் பலகையில் கேட்கிற சத்தம் கேட்டது. இரண்டு விரல்கள் பளிங்குத் தரையில் விழுந்து உருண்டன. அதற்குப் பிறகும் அவர் வலது கைப் பிடியை விடவில்லை. சுத்தியலைத் தாடையில் வாங்கிய பிறகுதான் விட்டார்.

கண்ணாடியை உடைத்து, சங்கிலித் தட்டுகளை அள்ளிக்கொண்டு, வெளியே காத்திருந்தவனோடு மூன்று பேரும் இரண்டு மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் பறந்தார்கள். கறுப்பு ஹெல்மெட்டுகள், ஒரு மோட்டார் சிவப்பு. எதிரே பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த நவமணி, அந்தச் சிவப்பு மோட்டாரின் எண்ணை மந்திரம் மாதிரி விடாமல் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்து ஓடிவந்தாள். "பிகேடி ஏழு ஒண்ணு மூணு ஆறு, பிகேடி ஏழு ஒண்ணு மூணு ஆறு." சொல்லிக்கொண்டே விரல்களைப் பொறுக்கி, மல்லிகை வாடாமல் இருக்க வைத்திருந்த ஐஸ் பெட்டிக்குள் போட்டாள். அன்றைக்கு அந்தத் தெருவில் உருப்படியாக ஒரு காரியம் செய்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் சொன்ன எண் சரியான எண். ஆனால் மோட்டாரில் இருந்தது போலித் தகடு. இரண்டு தெரு தாண்டியதும் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டார்கள். அந்த எண்ணில் பினாங்கில் ஒரு வாகனமும் ஓடவில்லை.

அதன்பின் நடந்ததற்கெல்லாம் காரணம், அப்படி ஒரு வாகனம் இல்லை என்று சொல்ல வேண்டிய ஒன்று, இருக்கிறது என்று சொன்னதுதான்.

*

அய்யாக்கண்ணு வேலை பார்த்த பாதுகாப்புக் கம்பெனி நூர்ஜானுடையது. பீச் ஸ்திரீட்டில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அலுவலகம். கடை வாசல், கொண்டோ குடியிருப்பு வாசல், அடுக்குமாடி வாகன நிறுத்தம் என்று தீவு முழுக்க அவளுடைய ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நின்ற இடமெல்லாம் கேமராவும் நின்றது. உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நேரத்தையும் படத்தையும் கேமரா எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தக் குவியலில் ஒன்றைத் தேடி எடுக்க ஒரு தேடல் கருவி. முன்பெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் ஆள் உட்கார்ந்து தேடுவார். இப்போது தேடுவது ஒரு ஏஐ ஏஜெண்ட். ரோந்துக்காரர் கைப்பேசியில் மலாயில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும், அது புரிந்துகொண்டு, கருவியை இயக்கி, பதிலைச் சொல்லும்.

கம்பெனி அதற்கு வைத்த ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. காவலாளிகள் 'மச்சான்' என்றார்கள்.

கருவியைச் செய்தவர்கள் பொறியாளர்கள். அந்தக் கருவி எதற்கு, எப்படிக் கேட்க வேண்டும், என்ன கிடைக்கும், கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஏஜெண்டுக்கு எழுதிக் கொடுத்தவள் ரூபினி. அதுதான் அவள் வேலை. மனிதர்களுக்காக எழுதும் கையேட்டை எந்த மனிதனும் படிப்பதில்லை. ஏஜெண்ட் படிக்கும். ஒவ்வொரு முறை கருவியைத் தொடுவதற்கு முன்பும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கும். படித்ததை அப்படியே செய்யும். எழுதாததைச் செய்யாது. இப்படி ஒரு வாசகர் கிடைத்தால் எழுதுகிறவருக்குத் தலைகால் புரியாமல் போவது சகஜம்.

ரூபினி லெபோ பசார் தெருவில் சேலைக்கடை வைத்திருந்தவரின் மகள். அந்தக் கடையில் 'இல்லை' என்ற சொல்லுக்கு இடமே கிடையாது. மயில் கழுத்து நிறம் கேட்டு வருகிறவளிடம் இல்லை என்று சொன்னால் அவள் அடுத்த கடைக்குப் போவாள். "இதைப் பாருங்கக்கா" என்று கிளிப்பச்சையை விரித்துப் போட்டால் உட்காருவாள். உட்கார்ந்தவளை எழுப்பாமல் விற்பதுதான் வியாபாரம்.

ஏஜெண்டைக் கொண்டோ நிர்வாகி ஒருவருக்கு முதன்முதலாகக் காட்டிய நாளில் அது, "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று பளிச்சென்று சொல்லிவிட்டது. நிர்வாகி பையை மூடிக்கொண்டு எழுந்து போனார். நூர்ஜானுக்கு வந்த கோபத்தில் மேசைமேல் இருந்த தேநீர் ஆடியது.

"என்னாலா ரூபினி இது? வந்த ஆளு மூஞ்சிக்கு நேரா இல்லேங்குது. உங்கப்பா கடையில இப்படிச் சொல்லுவாரா?"

"சொன்னா எங்கம்மா சோறு போட மாட்டாங்கக்கா."

"அப்ப அதுக்கும் சொல்லிக் குடு."

ரூபினி அன்றைக்கே ஒரு வரி சேர்த்தாள். 'கேட்ட எண்ணுக்குப் பதிவு கிடைக்காவிட்டால், மிக நெருக்கமான எண்ணுக்குரிய பதிவைக் கொடு. வெறுங்கையோடு அனுப்பாதே.' அடுத்த முறை நிர்வாகி கேட்டதற்கெல்லாம் ஏதோ ஒரு படம் வந்து விழுந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது. மச்சான் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்வதில்லை என்று காவலாளிகளும் கொண்டாடினார்கள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். அப்பா கிளிப்பச்சையை விரிக்கும்போது, அது மயில் கழுத்து இல்லை என்று வாங்குகிறவளுக்கும் தெரியும். கண் இருக்கிறது, தொட்டுப் பார்க்கக் கை இருக்கிறது. ஏஜெண்ட் விரித்துப் போட்டது எண். எண்ணை யாரும் தடவிப் பார்த்து வாங்குவதில்லை. நெருக்கமான எண்ணைக் கொடு என்று எழுதியவள், அது நெருக்கமான எண்தான் என்பதைச் சொல் என்று எழுதவில்லை.

*

அய்யாக்கண்ணுவை ஆம்புலன்சில் ஏற்றிய செய்தி வந்தபோது ரூபினி மேசையில்தான் இருந்தாள். நூர்ஜான் மருத்துவமனைக்கு ஓடினாள். ரோந்து மேற்பார்வையாளர் அந்தோணிராஜ் கட்டாயம் மச்சானிடம் கேட்டிருப்பார் என்று ரூபினிக்குத் தெரியும். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அவரும் அய்யாக்கண்ணுவும் ஒரே மோட்டாரில் வேலைக்கு வந்த காலம் உண்டு. அய்யாக்கண்ணுவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அந்தோணிராஜ் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. குரலும் அதற்கேற்ற குரல்.

ஏஜெண்ட் கொடுத்த பதில்களைப் பார்க்கிற திரையை அவள் திறந்தாள். ஆமாம், கேட்டிருந்தார்.

'நகைக்கடைத் திருடன் மோட்டார். PKD 7136. இப்ப எங்க?'

'கிடைத்தது. வாகனம் சற்று முன் கெலுகோர் அடுக்குமாடி வீட்டின் தரைத்தள வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்துள்ளது. படம் இணைக்கப்பட்டுள்ளது.'

படத்தில் சிவப்பு மோட்டார், கறுப்பு ஹெல்மெட். ஒரு கணம் ரூபினிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு படத்திலிருந்த தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். PKD 7186.

உடனே அந்தோணிராஜைக் கைப்பேசியில் பிடித்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"கெலுகோர் வந்துட்டோம்லா. ஜெஃப்ரி, ஷாருல் எல்லாம் கூட இருக்காங்க." காற்று இரைந்தது. "உன் மச்சான் ஒரே நிமிசத்துல புடிச்சுக் குடுத்துட்டான். கெட்டிக்காரி நீ."

"அண்ணே, நில்லுங்க. அது வேற நம்பர். நீங்க கேட்டது முப்பத்தாறு, அது குடுத்தது எண்பத்தாறு. அந்த ஆளு இல்ல."

"மூணை எட்டாக்க ஒரு துண்டு டேப் போதும்லா. எனக்கே சொல்லித் தர்றியா?"

"அண்ணே, சத்தியமா."

"ரூபினி, போன கிறிஸ்மஸுக்கு உங்கப்பா கடையில சேலை வாங்கினேன். இது கடைசிப் பீசு, வேற கிடையாதுன்னு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. நான் படி எறங்குறதுக்குள்ள அதே சேலையை இன்னொருத்திக்கு விரிச்சாரு. உங்க வீட்டு சத்தியத்தை நான் பாத்திருக்கேன்."

"இது சேலை இல்லண்ணே!"

"தெரியும். ரெண்டு வெரலு. அவனும் ரெண்டு குடுக்கட்டும். அதுக்கப்புறம் போலீஸ்."

இணைப்பு அறுந்தது.

ரூபினி போலீசுக்குச் சொன்னாள். பெயர் கேட்டார்கள், அடையாள அட்டை எண் கேட்டார்கள், எந்த புளோக் என்று கேட்டார்கள். நகைக்கடைக்கே எல்லா வண்டியும் போயிருக்கிறது, ஒன்றைத் திருப்பி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அவள் கையேட்டைத் திறந்து அந்த வரியை அழித்தாள். 'பதிவு கிடைக்காவிட்டால், இல்லை என்று சொல்' என்று எழுதிச் சேமித்தாள். அந்தோணிராஜ் மறுபடி கேட்டால் உண்மை தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

அவர் மறுபடி கேட்டார். எந்த வரிசையில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறார். 'இந்த எண்ணில் எந்தப் பதிவும் இல்லை' என்றது ஏஜெண்ட்.

கைப்பேசி அலறியது.

"இப்பத்தான் இருந்துச்சு, படமெல்லாம் காட்டுச்சு. இப்ப இல்லேங்குது." அந்தோணிராஜின் குரல் தணிந்திருந்தது. கத்துகிற ஆள் தணிந்தால் அது வேறு விதமான பயம். "விரிச்சுக் காட்டிட்டு மடிச்சு உள்ள வைக்கிறியா? யாரைக் காப்பாத்துற?"

"அண்ணே, முன்னால சொன்னதுதான் தப்பு, இப்ப சொல்றது..."

"மோட்டார் என் கண்ணு முன்னால நிக்குது. எஞ்சின் இன்னும் சூடா இருக்கு. டேய் ஜெஃப்ரி, அந்தா, அந்தா வரான்."

கைப்பேசியை அணைக்க மறந்துவிட்டார். கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு மாடிப் படி இறங்கும்போதே ரூபினி எல்லாவற்றையும் கேட்டாள். ஓடுகிற செருப்புச் சத்தம். "அண்ணே, என்னண்ணே, யாருண்ணே நீங்க?" என்று ஒரு இளம் குரல். தடி எலும்பில் படுகிற சத்தம். அந்தக் குரல் அதன் பிறகு சொன்னது எதுவும் சொல்லாக இல்லை.

*

அவளுடைய ஸ்கூட்டர் ஜெலுத்தோங் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து போனது. யாரோ ஹாரன் அடித்தார்கள், யாரோ அம்மாவைச் சேர்த்துத் திட்டினார்கள். அந்தோணிராஜைத் தடுக்க என்ன சொல்வது என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் தலையில் ஓடவில்லை. இல்லை என்று சொல்லியாயிற்று, நம்பவில்லை. சத்தியம் செய்தாயிற்று, அதற்கு அப்பா ஏற்கெனவே விலையைக் கெடுத்து வைத்திருக்கிறார்.

அடுக்குமாடியின் தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே அவர்கள் இருந்தார்கள். மேல் மாடித் தாழ்வாரங்களில் ஆட்கள் கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. சிமெண்டுத் தரையில் சிவப்பாகச் சிந்தியிருந்ததைக் கறிக்குழம்பு என்று ரூபினி நினைத்தாள். பாதிதான் குழம்பு. கிழிந்த பிளாஸ்டிக் பையும், நசுங்கிய சோற்றுப் பொட்டலமும் அதில் மிதந்தன.

அடி வாங்கியவன் பெயர் ஹரீஷ். பல்கலைக்கழக மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை. காலை வேலை முடிந்து, மிஞ்சிய சோற்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒரு முகம், அதில் ஒரு கண் முட்டை மாதிரி வீங்கி மூடியிருந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஷாருல் அவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தான். ஜெஃப்ரி அவனுடைய இடது மணிக்கட்டைப் பூட்ஸ் காலால் நடைபாதைக் கல்மேல் மிதித்துப் பிடித்திருந்தான். அந்தோணிராஜ் கையில் பாராங். தோட்டக்காரரின் கொட்டகையிலிருந்து எடுத்தது, நுனியில் புல் ஒட்டியிருந்தது.

சுண்டுவிரல் போய்விட்டிருந்தது.

"ஒண்ணு," என்றார் அந்தோணிராஜ். அவர் முகம் வியர்வையில் குளித்திருந்தது. கண்களில் தண்ணீரும் இருந்தது. "இன்னொண்ணு குடுத்துட்டுப் போடா. எங்க மாமா ரெண்டு குடுத்தாரு."

"நான் இல்லண்ணே," என்று ஹரீஷ் தரையோடு பேசினான். "நான் சமையக்காரண்ணே."

ரூபினி ஓடிப்போய் அந்தக் கையின்மேல் விழுந்தாள். யார் என்று பார்ப்பதற்குள் ஜெஃப்ரியின் தடி இறங்கிவிட்டது. வலது காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கு வெளியிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது. கண்ணை இருட்டியது. சோற்றின்மேல் கன்னம் பட்டுக் கிடந்தாள்.

"ஐயோ, ரூபினிலா இது!" ஜெஃப்ரி தடியைப் பின்னால் ஒளித்தான்.

"எந்திரி," என்றார் அந்தோணிராஜ். "நீ இதுல வராதே தங்கச்சி. எந்திரிச்சுப் போயிடு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடையில் வாங்குகிறவர் கையிலிருந்து துணியைப் பிடுங்கினால், அவர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார். அது சொத்தை என்று நாமே சொன்னாலும் விடமாட்டார், நாம் யாருக்கோ எடுத்து வைக்கிறோம் என்றுதான் நினைப்பார். அந்த மாதிரி நேரத்தில் ரூபினியின் அப்பா பிடுங்க மாட்டார். "எடுத்துக்குங்க, உங்களுக்குத்தான். வாசல் வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு எடுத்துக்குங்க" என்பார். கை தானாகத் தளரும். வலியில் பல் கிட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வாசல் வெளிச்சம் ஞாபகம் வந்தது.

"வெட்டுங்கண்ணே," என்றாள்.

ஹரீஷ் அலறினான்.

"நான் வேணாங்கல. இவன்தான்னா வெட்டுங்க. ரெண்டு என்ன, அஞ்சும் வெட்டுங்க. ஆனா சரக்கைப் பாத்துட்டு வெட்டுங்க. ஒரே ஒரு தடவை மச்சான்கிட்டக் கேளுங்க."

"அதுதான் நீ வாயை அடைச்சுட்டியே."

"தொறந்து விடுறேன்."

இடது கையால் கைப்பேசியை எடுத்தாள். கையேட்டின் பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் உண்டு. ஆளைத் தின்ற அந்த வரியை அவளே மறுபடி எழுப்பி உட்காரவைத்தாள். கட்டைவிரலில் இரத்தம் இருந்ததால் முதல் முறை திரை எடுக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். பிறகு தலையைத் திருப்பி, தூணோரம் நின்ற அந்தோணிராஜின் சொந்த மோட்டாரைப் பார்த்தாள். PMH 5520.

"ஜெஃப்ரி, உன் போன்ல நீ கேளு. நகைக்கடைத் திருடன் மோட்டார், பிஎம்ஹெச் அஞ்சு அஞ்சு ரெண்டு எட்டு, இப்ப எங்கேன்னு கேளு."

"அது யாரு நம்பரு?"

"யாரு நம்பரும் இல்ல. நான் இப்ப வாயில வந்ததைச் சொன்னேன். கேளுடா."

ஜெஃப்ரி அந்தோணிராஜைப் பார்த்தான். அவர் கையில் பாராங் காற்றில் அப்படியே நின்றது. ஜெஃப்ரி கேட்டான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான்.

"கிடைத்தது," என்றது மச்சான், எப்போதும் போல உற்சாகமாக. "வாகனம் சற்று முன் கெலுகோர் அடுக்குமாடி வீட்டின் தரைத்தள வாகன நிறுத்தத்துக்குள் நுழைந்துள்ளது. படம் இணைக்கப்பட்டுள்ளது."

ஜெஃப்ரி படத்தைப் பார்த்தான். ஷாருல் எட்டிப் பார்த்தான். முதுகில் ஊன்றியிருந்த முழங்கால் மெல்ல எழுந்தது.

"அண்ணே," என்றான் ஜெஃப்ரி. "இது நீங்கண்ணே."

படத்தில் அந்தோணிராஜ் கறுப்பு ஹெல்மெட்டோடு வாசல் கம்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"திருடன் கெடைச்சுட்டாண்ணே," என்றாள் ரூபினி. சிரிக்கவில்லை. "அது கெடைச்சதுன்னுதான் சொல்லும். ஒரு எண்ணு தள்ளி எவன் நின்னாலும் அவனைப் புடிச்சு நீட்டும். நான்தான் அப்படி எழுதினேன். இப்ப சொல்லுங்க, யாரு வெரலை வெட்டணும்?"

அந்தோணிராஜ் ஜெஃப்ரியின் கைப்பேசியை வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். தன் மோட்டாரைப் பார்த்தார். பிறகு, யாரோ சொல்லி அனுப்பிய மாதிரி நடந்துபோய், சிவப்பு மோட்டாரின் தகட்டுக்கு முன்னால் குந்தி, அந்த எட்டை நகத்தால் சுரண்டினார். டேப் எதுவும் வரவில்லை. மறுபடி சுரண்டினார். நகம் பிய்ந்து இரத்தம் வந்த பிறகும் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

போலீஸ் வண்டி வந்தபோது அவர் அப்படியேதான் குந்தியிருந்தார். பாராங்கைத் தானாகவே நீட்டினார். ஓடப்போன ஷாருலை வாசலிலேயே பிடித்தார்கள். ஜெஃப்ரி மட்டும் குனிந்து குனிந்து தரையில் தேடிக்கொண்டிருந்தான். ஹரீஷின் சுண்டுவிரலைக் கடைசியில் கண்டுபிடித்தான். அவனுடைய பூட்ஸின் அடியில்தான் இருந்தது. ஒட்டவைக்கிற நிலையில் இல்லை.

*

மருத்துவமனையில் ரூபினியின் தோளைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். நூர்ஜான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலை இறக்கினாள். அந்தக் குரல் ரூபினிக்குத் தெரியும். விலை சொல்லப் போகிறவர்களின் குரல்.

"வலிக்குதாலா?"

"வலிக்குதுக்கா."

"பாரு, போலீஸ் கேட்டா, அந்த வரியை ஏஐ தானா சேத்துக்குச்சுன்னு சொல்லிடு. மெசின் தப்புப் பண்ணிடுச்சுன்னா ஒரு பய நம்மளைத் தொட மாட்டான். ஊர் உலகம் பூரா அதைத்தானே சொல்றாங்க?"

"அது ஒண்ணும் தானா சேக்கலக்கா. நான் சேத்தேன். நீங்க சேக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னேன்னு எங்க எழுதியிருக்கு?"

"நான் சொல்றேன். வாயால."

"சின்னப் புள்ள மாதிரிப் பேசாதே. கம்பெனி நின்னாத்தானே அந்தப் பையனுக்கு நாலு வெள்ளி பணம் குடுக்க முடியும்? யோசி. நாளைக்குச் சொல்லு."

"யோசிச்சுட்டேன். இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போயிட்டாருக்கா."

நூர்ஜான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போய், கடைக்காரர் திரும்பக் கூப்பிடுகிறாரா என்று நின்று பார்க்கிற வாடிக்கையாளர் மாதிரி நின்றாள். ரூபினி கூப்பிடவில்லை.

அவள் போனதும் ரூபினி இடது கையால் கையேட்டைத் திறந்தாள். ஜெஃப்ரிக்காக எழுப்பிய வரி இன்னும் உயிரோடு இருந்தது. இந்நேரம் வேறு எந்த வாசலில், யாருக்கு, எவனை நீட்டிக்கொண்டிருக்கிறதோ. அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, 'கேட்ட எண்ணுக்குப் பதிவு இல்லாவிட்டால், இல்லை என்று சொல். அதன்பின் எதையும் நீட்டாதே' என்று எழுதிச் சேமித்தாள்.

அதே கூடத்தில், இரண்டு கட்டில் தள்ளி அய்யாக்கண்ணு படுத்திருந்தார். நடுவில் பச்சைத் திரை போட்ட கட்டில் ஒன்று. அய்யாக்கண்ணுவுக்குத் தாடையில் கட்டு. இடது கை துணிப்பந்து மாதிரி ஒரு கம்பியில் தொங்கியது. பூக்கடை ஐஸ் புண்ணியத்தில் இரண்டு விரல்களையும் ஒட்டிவிட்டார்கள். பிடிக்குமா என்று சில நாள் போனால் தெரியும். ரூபினி தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"வாம்மா," என்றார், பல்லைத் திறக்காமல். "உனக்கு என்ன தோள்ல?"

"கீழ விழுந்துட்டேன் அங்கிள்."

"பாத்துப் போகக் கூடாதா." மூச்சு வாங்கினார். "நம்ம அந்தோணி புடிச்சுட்டான்னு நர்சு சொன்னாங்க. கெலுகோர்ல வச்சே புடிச்சுட்டானாமே? அவன் வருவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வரலியே. புடிச்சாச்சுதானேமா?"

பச்சைத் திரைக்குப் பின்னால் யாரோ முனகினார்கள். ஒரு பெண் குரல், "அசையாதே ஹரீஷ், தையல் பிரிஞ்சிடும்" என்றது.

அய்யாக்கண்ணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்குக் கொடுக்க ரூபினியிடம் எத்தனையோ இருந்தது. போலீஸ் தேடுகிறது, கேமராவில் படம் இருக்கிறது, சீக்கிரம் கிடைத்துவிடுவார்கள். எல்லாம் நாக்கின் நுனி வரை வந்து நின்றது.

"இல்ல அங்கிள்," என்றாள்.

அடுத்து ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். திரைக்குப் பின்னால் முனகல் மறுபடி எழுந்தது. ரூபினி வேறெதையும் நீட்டாமல் அங்கேயே நின்றாள்.